தைத்த காதுக்கு என்ன கட்டு?

அறுந்த காதைத் தைத்துக்கொள்ள வருகிறவர்களில் பலருக்கு அது ஒரே நாளில் அறுந்த காது அல்ல. கனத்த ஜிமிக்கி வருஷக்கணக்காகத் துளையைக் கீழே இழுத்துக்கொண்டே வந்திருக்கும். புள்ளியாக இருந்த துளை கோடாக நீளும். விளிம்பைத் தொட ஒரு நூல் பாக்கி இருக்கும்போது, இடுப்பில் இருக்கிற குழந்தை கம்மலைப் பிடித்து இழுக்கும். அல்லது தலை துவட்டுகிற துண்டின் இழை தோட்டில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், காதுச் சோணை இரண்டாகப் பிரிந்துவிடும். நகை பறிக்க வந்தவன் இழுத்த இழுப்பில் கிழிந்த காதுகளும் உண்டு.

மருத்துவமனைக் கணக்கில் இதைத் தைப்பது சின்ன ஆபரேஷன். மரத்துப்போக ஓர் ஊசி போடுவார்கள். பழைய கிழிசலின் இரண்டு ஓரத்திலும் தோல் மூடியிருக்கும். தோலையும் தோலையும் எத்தனை நாள் சேர்த்து வைத்தாலும் ஒட்டாது. ஆகவே அந்த ஓரங்களைச் சீவி எடுத்து, பச்சைச் சதையோடு பச்சைச் சதையைச் சேர்த்து, முடி போன்ற நைலான் இழையில் சில தையல்கள் போடுவார்கள். அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

எழுந்து வெளியே வரும்போதுதான் கேள்விகள் ஆரம்பிக்கும்.

“சிஸ்டர், கட்டு எப்போ பிரிக்கணும்?”

“நாளைக் கழிச்சு வாங்கம்மா, டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க.”

“தலைக்குக் குளிக்கலாமா? மஞ்சள் வைக்கலாமா?”

“ரெண்டும் வேண்டாம்மா. அதுல கையே வைக்காதீங்க.”

பதில் சரியானதுதான். ஏன் என்று விளக்கத்தான் கூட்டம் நெரிகிற புறநோயாளிகள் பிரிவில் யாருக்கும் நேரமிருப்பதில்லை. காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போகிறவரிடம் அத்தை ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டில் ஒன்று சொல்வார்கள், மருந்துக்கடையில் ஒரு பவுடர் டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். நன்றாகத் தைத்த காது ஒரு வாரத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். காதில் போடுகிற கட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. காதின் எந்த இடத்தில் கத்தி பட்டதோ அதைப் பொறுத்து அந்த வேலை மாறும். இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்வது, தையலைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது என் திடமான எண்ணம்.

ஒரே காது, இரண்டு விதச் சதை

காதைத் தொட்டுப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். கீழே தொங்குகிற சோணை மெத்தென்று இருக்கும். கொழுப்பும் நார்த்திசுவும் தோலும் மட்டுமே அதில் உண்டு. இரத்த ஓட்டம் தாராளம். அதனால் சோணையில் பட்ட காயம் சீக்கிரம் ஆறும். சுத்தமாக வைத்திருந்தால் சீழ் பிடிப்பதும் அபூர்வம்.

விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால், தோலுக்கு அடியில் வளைந்து கொடுக்கிற ஒரு தகடு தட்டுப்படும். அது குருத்தெலும்பு. காதுமடலுக்கு அந்த மடிப்பும் நிமிர்வும் அதனால்தான். அந்தக் குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது. அதன்மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய உறைதான் அதற்குச் சோறு போடுகிறது. உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் இரத்தம் தேங்கினால் இரண்டும் பிரிந்துபோகும்; குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். அங்கே கிருமி புகுந்துவிட்டாலோ, இரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை மருந்தும் எளிதில் போய்ச் சேராது.

ஆகவே சோணையில் போட்ட தையலுக்கு வேண்டியது சுத்தமும், கொஞ்சம் ஈரப்பசையும், அசைக்காமல் விடுவதும்தான். மேல்மடலில் கத்தி பட்டிருந்தால் இவற்றோடு அழுத்தமும் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே சீரான அழுத்தம்.

சோணைக்கு மூன்று அடுக்கு போதும்

தையல் முடிந்ததும் சோணைக்குப் போடுகிற கட்டு மிக எளியது. முதலில் தையல் வரிசையின் மேல் மெல்லியதாகக் களிம்பு. அதன்மேல் புண்ணில் ஒட்டாத ஓர் அடுக்கு. அதற்கும் மேல், கசிவை உறிஞ்ச முன்னும் பின்னும் சிறு காஸ் துண்டுகள். காகித பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டால் முடிந்தது.

இதில் உயிரான அடுக்கு நடுவில் இருப்பது. கண் பெரிதாக இருக்கும் வலைத்துணியில் பாரஃபின் தோய்த்து, மெழுகுத்தாள் நடுவே வைத்து, சிறு உறைகளில் விற்பார்கள். இந்தத் துணிக்குப் பின்னால் அழகான ஒரு வரலாறு உண்டு. 1895-இல் பாரிசில் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டிய லூமியேர் சகோதரர்களில் மூத்தவர் அகஸ்டே லூமியேர். திரைப்படத்தை விட மருத்துவ ஆராய்ச்சியில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். முதல் உலகப் போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்குக் கட்டு பிரிப்பதே சித்திரவதையாக இருந்தது. உலர்ந்த காஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டு, புதிதாக முளைத்த சதையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அதைத் தவிர்க்க அவர் உருவாக்கியதுதான் இந்தக் கொழுப்பு தோய்த்த வலைத்துணி. இன்றைக்கும் ஊர் மருத்துவமனையின் டிரஸ்ஸிங் தட்டில் அது இருக்கிறது.

பஞ்சை நேரே தையலின் மேல் வைக்கவே கூடாது. அதன் இழைகள் தையல் முடிச்சில் சிக்கி இரத்தத்தோடு சேர்ந்து காய்ந்துவிடும். எடுக்கப் போனால் முடிச்சோடு வரும். ஒருவேளை காஸ் ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று உரிக்க வேண்டாம். நார்மல் சலைன் ஊற்றி நனைத்து, சில நிமிடம் பொறுத்தால் தானே விட்டுக்கொடுக்கும்.

“காயத்தைக் காய விடணும்” என்று பெரியவர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். பொருக்கு தட்டினால்தான் புண் ஆறுகிறது என்று அர்த்தம் என்று நம்பியும் இருக்கிறோம். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்கிற ஆராய்ச்சியாளர் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். பன்றிக்குட்டிகளின் தோலில் ஒரே அளவான மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டார்; சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தோல் செல்கள் ஈரமான பரப்பில் ஊர்ந்து போய் இடைவெளியை மூடுகின்றன. பொருக்கு கெட்டியாக இருந்தால் அதற்கு அடியில் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தையலின் மேல் தடவுகிற களிம்பின் முதல் வேலை அந்த ஈரப்பசையைக் காப்பதுதான்.

அப்படியானால் எந்தக் களிம்பு? 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு இங்கே பயன்படும். தோலில் சிறு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 922 பேரில் ஒரு பகுதியினருக்கு வெறும் வெள்ளை வாசலின், மற்றவர்களுக்கு பாசிட்ராசின் என்கிற ஆன்டிபயாடிக் களிம்பு. வாசலின் பூசியவர்களில் 2 சதவீதம் பேருக்கும் பாசிட்ராசின் பூசியவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. ஆனால் ஆன்டிபயாடிக் பூசியவர்களில் சிலருக்குக் களிம்பே ஒவ்வாமையைக் கிளப்பியது. நம் ஊர்க் களிம்புகளிலும் பவுடர்களிலும் பரவலாக இருக்கிற நியோமைசினும் இப்படித் தோல் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர்போனது. காது சிவந்து, அரித்து, நீர் கோத்துக்கொண்டால் சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து அதே களிம்பை இன்னும் அப்புவார்கள். சிவப்பு ஏறிக்கொண்டே போகும். மருத்துவர் ஆன்டிபயாடிக் களிம்பு எழுதிக்கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரை பூசுங்கள். அவர் எழுதாததை நாமாகச் சேர்க்க வேண்டாம்.

பவுடர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். தையலின் மேல் தூவிய பவுடர் கசிவோடு குழைந்து கெட்டியான ஓடாகிவிடும். உள்ளே சீழ் வைத்தாலும் வெளியே தெரியாது. மஞ்சள், விபூதி, காபித்தூள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் நுரைத்தும் எரிந்தும் ஏதோ பெரிய வேலை செய்வதுபோல் காட்டும். கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கிற செல்களையும் அவை கொன்றுவிடும்.

சுஸ்ருதர் சொன்ன பத்தியம்

அறுந்த காதைத் தைத்துக் கட்டுவது இந்த மண்ணுக்கு மிகப் பழைய கலை. சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் பதினாறாவது அத்தியாயத்தின் பெரும்பகுதி காதுதான்: குத்துவது எப்படி, துளையைப் பெரிதாக்குவது எப்படி, அறுந்தால் சேர்ப்பது எப்படி. சேர்ப்பதற்கு மட்டும் 15 முறைகள் அதில் வருகின்றன. என் கவனத்தை அதிகம் இழுத்தது அதற்குப் பிந்தைய பகுதி. சேர்த்த காதின் மேல் தேனும் நெய்யும் பூசி, பஞ்சோ துணியோ சுற்றி, நூலால் கட்டச் சொல்கிறது நூல். அந்தக் கட்டு மிக இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, மிகத் தளர்வாகவும் இருக்கக் கூடாதாம். மேலே சுட்ட மண்ணோட்டுப் பொடி தூவ வேண்டும். பிறகு நோயாளிக்குப் பத்தியம்: காதை அசைக்கக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, உடற்பயிற்சி, மிதமிஞ்சிய சாப்பாடு, உடலுறவு, நெருப்புச் சூடு, களைக்கக் களைக்கப் பேசுவது எதுவும் கூடாது.

பேச்சைக் குறைக்கச் சொன்னதில் நுட்பமான கவனிப்பு இருப்பதாகவே நினைக்கிறேன். சோணைக்குப் பின்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். தாடை அசைகிற ஒவ்வொரு தடவையும் அங்கே தோல் இழுபடும். முதல் இரண்டு மூன்று நாள் கெட்டியான பண்டங்களைக் கடிக்காமல் இருந்தால் காது ஓய்வாக இருக்கும். தேன், நெய் பூசியதும் ஒட்டாத, ஈரம் காக்கிற அடுக்குதான். அதற்காகச் சமையலறைத் தேனை எடுத்துத் தையலில் பூச வேண்டாம். காயத்துக்கென்று இன்று விற்கிற தேன் கதிரியக்கத்தால் கிருமி நீக்கப்பட்டது. அடுப்படிப் புட்டி அப்படியல்ல. மண்ணோட்டுப் பொடியும் அந்தக் காலத்தோடு போகட்டும்.

தென் மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்டு வளர்ந்த தலைமுறை இந்தத் தையலை வேறு விதமாக அறிந்தது. குழந்தையிலேயே காது குத்தி, பஞ்சுத் திரி, குணுக்கு என்று கனம் ஏற்றி, தோள் தொடும்படி காதை வளர்த்தார்கள். பின்னாளில் காலம் மாறியபோது பல பெண்கள் அந்த நீண்ட வளையத்தை வெட்டித் தைத்துச் சின்னத் தோடு போடுகிற காதாக மாற்றிக்கொண்டார்கள். நீட்டி வளர்த்த சோணை சன்னமான கயிறு போல ஆகியிருக்கும். அதில் கட்டு கொஞ்சம் இறுகினாலும் நுனிக்கு இரத்தம் போகாது. தைத்த சோணையின் நுனி வெளிறியோ கறுத்தோ போகிறதா என்று கட்டின் ஓரத்தில் ஒரு கீற்று திறந்து வைத்துப் பார்ப்பது இத்தகைய காதுகளுக்கு அவசியம்.

மேல்மடலுக்கு அழுத்தம்

கபடி, மல்யுத்தம், குத்துச்சண்டை ஆடுகிறவர்களுக்குக் காது நசுங்கி மேல்மடல் பந்தாக வீங்குவது சகஜம். உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் கட்டிக்கொள்கிறது. நாளாக ஆக அந்த இடத்தில் கோணல்மாணலாகப் புதுக் குருத்தெலும்பு வளர்ந்து, காது காலிஃபிளவர் போல் சுருங்கிவிடும். சில நாட்களுக்குள் சின்னக் கீறல் போட்டு இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால், வெறுமனே வெளியேற்றிவிட்டு மேலே கட்டு போட்டால் மறுநாளே மீண்டும் நிறைந்துவிடும். மடலின் மேடு பள்ளத்துக்குள் சாதாரணக் கட்டின் அழுத்தம் இறங்குவதே இல்லை.

அதனால் இங்கே கட்டைக் காதோடு சேர்த்தே தைப்பார்கள். பல் மருத்துவர்கள் வாயில் வைக்கிற சிறு பஞ்சு உருளை ஒன்றை மடலின் முன்புறப் பள்ளத்தில் பொருத்தி, பின்புறம் இன்னொன்றை வைத்து, ஊசியை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் காதை ஊடுருவிச் செலுத்தி, இரண்டு உருளைகளும் மடலை நடுவில் வைத்து இறுக்கிப் பிடிக்கும்படி முடிச்சிடுவார்கள். உருளைக்குப் பதில் சட்டைப் பித்தானைக் கிருமி நீக்கித் தைப்பதும் உண்டு. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அருமையாக வேலை செய்யும். ஏறக்குறைய ஒரு வாரம் அப்படியே இருக்கும். மறுநாள் ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும், உள்ளே மறுபடி இரத்தம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க.

காதுக்குப் பின்னால் கீறல் போட்ட அறுவை சிகிச்சைகளுக்குத் தலையைச் சுற்றிக் கட்டுகிற பெரிய கட்டு. தேர்ந்த செவிலியர் ஒருவர் இதைப் போடுவதை அருகில் நின்று பார்த்தால் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் இருப்பது தெரியும். காஸ் அட்டையின் நடுவில் பிறை வடிவில் ஒரு வெட்டு வெட்டி, அதைக் காதுக்குப் பின்னால் செருகுகிறார். மடல் மண்டையோடு ஒட்டி நசுங்காமல் இயல்பான சாய்வில் நிற்க வேண்டும் அல்லவா? பிறகு காஸைக் கசக்கிப் பூப்பூவாக்கி மடலின் பள்ளங்களையெல்லாம் நிரப்புகிறார். அதற்கு மேல் தட்டையாக இரண்டு அட்டை. சுற்றத் தொடங்குமுன் புருவத்தின் ஓரத்தில் ஒரு நாடாத் துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிடுகிறார். பின்னர் நெற்றியையும் பிடரியையும் சுற்றி வருகிறது கட்டுத்துணி. மறுபக்கக் காது வெளியே விடப்படுகிறது. கடைசியில், தொங்கவிட்ட நாடாவின் இரண்டு முனையையும் மேலே தூக்கி முடிச்சிட்டதும், கண்ணின் மேல் இறங்கப் பார்த்த கட்டு முழுவதும் உயர்ந்து, தானாகவே ஒரு பிடி இறுகிவிடுகிறது. நெற்றியில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு நகர்கிறார்.

இந்தக் கட்டுக்குள் வலி நேரம் போகப் போகக் குறைய வேண்டும். ஒரே பக்கமாக வலி கூடிக்கொண்டே போனால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்கக் கூடாது. அன்று இரவே ஆனாலும் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், மடல் மடங்கிப்போயிருக்கலாம்.

காதுக்கு முன்னால் சிலருக்குப் பிறவியிலேயே ஊசித்துளை போன்ற ஒரு குழி இருக்கும். அது சீழ் கட்டிக் கீறிவிட்டால் அந்தக் காயத்தைத் தைக்க மாட்டார்கள். நாடா போன்ற காஸை உள்ளே தளர்வாகத் திணித்து, மாற்றி மாற்றி வைத்து, அடியிலிருந்து ஆறி வரும்படி விடுவார்கள். மேல்வாய் முதலில் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

கீலாய்டு: மாதக்கணக்கில் போடுகிற கட்டு

காது குத்திய இடத்தில் சிலருக்குத் தழும்பு நில்லாமல் வளர்ந்து உருண்டையாகத் திரண்டுவிடும். கீலாய்டு என்பார்கள். கறுத்த, மாநிறத் தோலில் இது அதிகம். வெட்டி எடுத்துத் தைத்துவிட்டு அத்தோடு விட்டால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும். சில ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லோருக்குமே வந்திருக்கிறது. சில சமயம் முன்பிருந்ததை விடப் பெரிதாக வரும். எனவே கீலாய்டு எடுத்த காதுக்குத் தையல் பிரிப்பதோடு கட்டு முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது.

தையல் பிரித்து, காயம் முழுக்க மூடிய பின் சோணையை முன்னும் பின்னும் இறுக்கிப் பிடிக்கிற அழுத்தக் கிளிப் மாட்டுவார்கள். கம்மல் போலவே தோன்றும். கடையில் கிடைக்காவிட்டால் பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் செய்கிற பிரிவினர் அக்ரிலிக்கில் இரண்டு தகடும் ஒரு திருகும் வைத்து அந்தக் காதுக்கென்றே செய்து தருவதுண்டு. இடைவிடாத அழுத்தத்தில் தழும்புக்குப் போகிற இரத்தம் குறைகிறது, நார் உற்பத்தியும் மட்டுப்படுகிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், ஆறு மாதமாவது போட வேண்டும். ஒரு வருஷம் போட்டால் இன்னும் நல்லது. இதோடு மாதம் ஒரு தடவை போல டிரையாம்சினலோன் ஊசி, சிலிக்கான் ஒட்டுத்தாள் என்று மருத்துவர் சேர்ப்பார்.

கல்லூரிக்குப் போகிற பெண்களும் கடுக்கன் போட்ட பையன்களும் இரண்டு மாதத்தில் கிளிப்பைக் கழற்றி வைத்துவிடுவது பெரிய வருத்தம். வெட்டும்போதே “இது ஒரு வருஷ வேலை” என்று சொல்லி, அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு தொடங்குவதுதான் நோயாளிக்குச் செய்கிற நியாயம்.

வீட்டில்

சோணைக் கட்டு பெரும்பாலும் இரண்டு நாள். அதற்குள் தையலின் விளிம்புகள் மேலாக மூடிக்கொள்ளும். பிறகு மருத்துவர் அனுமதித்தால் தண்ணீர் மேலோட்டமாகப் படலாம், ஊற வைக்கக் கூடாது. குளம், கிணறு, நீச்சல் குளம் எல்லாம் தையல் பிரித்துச் சில வாரம் போகட்டும். தலைக்கு ஊற்றியே ஆக வேண்டுமென்றால் யாராவது உதவிக்கு நிற்க, தலையைப் பின்னால் சாய்த்து, காதின் மேல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அலசலாம். சீயக்காய்த்தூளும் தலைச்சாயமும் தையலில் இறங்கக் கூடாது.

தையலைப் பிய்க்கிற பொருள்கள் வீட்டிலேயே நிறைய. முதல் குற்றவாளி ஹெல்மெட். மாட்டும்போது மடலை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்கும். கழற்றும்போது சோணையை மேலே இழுக்கும். தையல் பிரிக்கும் வரை பஸ்ஸில் போவதே மேல். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவது இதற்கு மாற்று ஆகாது. மூக்குக்கண்ணாடியின் கால் காதுக்குப் பின்னால் இருக்கிற தையலின் மேல் நேராக உட்காரும். அந்தக் காலில் கொஞ்சம் காஸ் சுற்றிக்கொள்ளலாம். முகக்கவசம் போட வேண்டியிருந்தால் பிடரியில் முடிகிற கயிறு வைத்தது நல்லது. தலைவழி மாட்டுகிற பனியன், டி-சர்ட்டுக்குப் பதில் முன்பக்கம் பித்தான் வைத்த சட்டை. போனை மறுகாதில் வைத்துப் பேசலாம். படுக்கையில் தைக்காத பக்கமாகச் சாய்ந்து, தலையை ஒரு தலையணை கூடுதலாக உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும்.

சாப்பாட்டில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடக்கும். முட்டை, மீன், கத்தரிக்காய் சாப்பிட்டால் புண் சலம் வைக்கும் என்று ஒரு வாரம் வெறும் ரசம் சாதமாகப் போடுவார்கள். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவருக்கு முட்டையும் மீனும் பருப்பும் புண்ணுக்கு நண்பர்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது எந்தக் களிம்பையும் விடப் பெரிய மருந்து. புகைபிடித்தலும் தோலுக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும்.

எப்போது ஓட வேண்டும்

முதல் நாள் கட்டில் ரூபாய் அளவு இரத்தக்கறை இருந்தால் பயமில்லை. காஸ் நனைந்து சொட்டினால், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனை. இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு வலி கூடுவது, நாற்றம், சீழ், காய்ச்சல் எல்லாம் உடனே காட்ட வேண்டியவை.

ஓர் அறிகுறியைத் தனியே சொல்ல வேண்டும். மேல்மடல் முழுக்கச் சிவந்து, சூடாகி, தொட்டாலே துடிக்கும்படி வீங்கி, கீழே சோணை மட்டும் பழையபடி சாதாரணமாக இருக்கிறதா? குருத்தெலும்பின் உறையில் தொற்று இறங்கிவிட்டது என்று பொருள். சோணையில் குருத்தெலும்பு இல்லாததால்தான் அது தப்பியிருக்கிறது. இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்கிற கிருமி. தண்ணீரிலும் ஈரமான எந்த இடத்திலும் வாழும். வழக்கமாகக் காயத்துக்கு எழுதுகிற பல ஆன்டிபயாடிக்குகள் அதைத் தொடாது. ஓரிரு நாள் தாமதித்தாலும் மடல் உருகிச் சுருங்கிவிடக்கூடும்.

2000-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நகைக்கடை ஒன்றில் மேல்மடலில் காது குத்திக்கொண்ட 7 பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது. சுகாதாரத் துறையினர் தேடிப் போனபோது கிருமி இருந்த இடம், காதைச் சுத்தம் செய்வதற்காகவே வைத்திருந்த கிருமிநாசினி தெளிப்புப் புட்டி. வீட்டில் திறந்து, பாதி தீர்ந்து, குளியலறை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கிற சலைனையும் லோஷனையும் எடுத்துத் தைத்த காதில் ஊற்றுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைக்க வேண்டும். சலைன் புட்டியைத் திறந்தால் அன்றைக்கு மட்டும், மீதியைக் கொட்டிவிடுங்கள்.

மறுபடி தோடு

சோணைத் தையலைப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள், சிலருக்குப் பத்து நாள் ஆகும். பிரித்ததும் எல்லோரும் கேட்பது, “எப்போ தோடு போடலாம்?” தோல் மூடிவிட்டதால் முழுக்க ஆறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் மூன்று வாரத்தில்கூட அந்த வடுவுக்குப் பழைய தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் கால் பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை நெருங்கும். அதற்கு மேல் எத்தனை வருஷமானாலும் முழு வலுவுக்கு வராது.

அதனால் மூன்று மாதம் பொறுப்பது நல்லது. மறுபடி குத்தும்போது வடுவின் மேல் குத்தாமல், அதை ஒட்டி நல்ல தோலில் குத்தச் சொல்லுங்கள். முதலில் எடையில்லாத சின்னத் தோடு. ஈர்க்குச்சியும் வேப்பங்குச்சியும் வேண்டாம். கல்யாணம் காட்சிக்கு ஜிமிக்கி போட்டே தீர வேண்டுமென்றால், அதன் கனத்தைத் தலைமுடியில் தாங்குகிற மாட்டலோடு போட்டு, வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போகுமுன் கழற்றிவிடுங்கள். கீலாய்டு வந்த காதில் மறுபடி குத்தவே வேண்டாம்; துளையில்லாமல் மாட்டுகிற கம்மல்கள் இப்போது எல்லாக் கவரிங் கடைகளிலும் கிடைக்கின்றன.